ஒம்பதாம் மாசத்து டெட்லைன்

ஏத்தா, காதுல மாட்டியிருக்கதைக் கழட்டிட்டு அம்மாச்சி சொல்றதைக் கொஞ்சம் கேளு. அஞ்சு நிமிஷம் உன் குரல் கேக்காட்டி பெங்களூருக் கம்பெனியை இழுத்து மூடிற மாட்டாக.

வயித்துல ஒம்பதாம் மாசம், மடியில லேப்டாப்பு. வயிறு தள்ளித் தள்ளி லேப்டாப்பு இப்ப முழங்காலுக்குப் போயிருச்சு. கேட்டா, "லீவுக்கு முந்தி எல்லாத்தையும் முடிச்சிரணும் அம்மாச்சி"ங்குற. எல்லாத்தையுமா? உங்க முதலாளியே இன்னும் முடிக்கலையே! அவருக்கே முடியாதது உனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமாக்கும்.

நான் விடியக் கருக்கல்ல ஜீப்பு ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவெல்லாம் சுத்தி, பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போனவ. ஏலச்செடி எப்பிடிக் காய்க்கும்னு உனக்குத் தெரியுமா? ஏலக்காய் டீ குடிக்கத் தெரியும். சரம் செடியடியில தரையோட கெடக்கும். ஒரே சரத்துல பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், வெளஞ்ச காயும் இருக்கும். குனிஞ்சு வெளஞ்சதை மட்டும் எடுக்கணும். பிஞ்சையும் சேத்து உருவினா ஸ்டோர்ல காயயில சுருங்கிப் போகும், அப்புறம் கங்காணி வாயில நம்ம குடும்பமே காயும். மிச்சத்தை ஒரு மாசம், நாப்பது நாள் கழிச்சு அடுத்த எடுப்புல எவளோ எடுத்துக்கிடுவா. ஆடியில தொடங்கினா தை வரைக்கும் இப்பிடி எடுப்பு மேல எடுப்புத்தான். ஒரே நாள்ல தோட்டத்தை முடிச்சவன்னு எவளும் பேரு வாங்கினதில்லை.

உன் வேலையும் அதே லட்சணம்தான். வெளஞ்சதை எடுத்துக் குடு. பிஞ்சை அடுத்தவ பேருல எழுதி வச்சிட்டு எந்திரி. அவ ஒழுங்காச் செய்ய மாட்டான்னு பயமா, இல்ல உன்னைய விட நல்லாச் செஞ்சிருவான்னு பயமா? ரெண்டாவதுதான்னு எனக்குத் தோணுது. வெளிய சொல்ல மாட்டேன்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவதான் நான். ஆனா பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா வெத்தலைக்கு வர்றப்பல்லாம் கொஞ்சம் சட்டத்தையும் துப்பிட்டுப் போவாரு. 1961-ல போட்ட மகப்பேறு சட்டத்தை 2017-ல திருத்தி, முதல் ரெண்டு பிள்ளைக்குச் சம்பளத்தோட 26 வாரம்னு ஆக்கினாகளாம். அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முந்தியே எடுக்கலாம். நீ அதைத் தொடாமச் சேத்து வைக்கிற, வட்டி போடுவாகன்னு யாரும் சொன்னாகளா? பிள்ளையோட கூட நாலு நாள் இருக்கணும்னு ஆசை, அது நியாயம். ஆனா இடுப்பு வலிக்கிட்ட "மீட்டிங்ல இருக்கேன்"னு சொல்ல முடியாதுத்தா. கடைசி ரெண்டு வாரமாச்சும் எடு. இன்னொண்ணு, பிரசவமாகி 6 வாரத்துக்கு வேலையே வாங்கக் கூடாதாம். "சின்ன டவுட்டு, ரெண்டே நிமிஷம்"னு எவனாச்சும் கூப்பிட்டா போனை எங்கிட்டக் குடு. ரெண்டு நிமிஷத்தை ரெண்டு மணி நேரமாக்கிக் காட்டுறேன்.

கவர்மெண்டு டீச்சருக்குத் தமிழ்நாட்டுல 2021 ஜூலையிலருந்து ஒரு வருஷம் லீவு. அவளைப் பாத்து உனக்குப் பொறாமை. காய் எடுக்குறவளுக்கு உன்னையப் பாத்துப் பொறாமை. தோட்டத்துக்கும் அந்த உரிமை உண்டுதான். பேரேட்டுல பேரில்லாம தினக்கூலிக்குப் போறவளுக்கு எவன் குடுப்பான்? ஜீப்புல கால் தூக்கி வைக்க முடியாத அன்னைக்குத்தான் அவளுக்கு லீவு, கூலிக்கும் அன்னைக்கே லீவு. முத்துலட்சுமி ரெட்டி பேருல அரசாங்கம் பணமும் சத்துப் பொட்டியுமாக் குடுக்குற 18,000 ரூவாதான் அவளுக்கு ஆறுதல். உனக்குக் கெடச்சதை வேண்டாம்னு சொன்னா எனக்குக் கோவம் வராதா?

அடுத்தது உன் சிநேகிதிக. வளைகாப்புப் போட்டோ போட்ட அரை மணியில செவப்புச் செவப்பா இதயமா வந்து கொட்டுச்சு. அத்தனை இதயத்துல ஒண்ணாச்சும் ஒரு தூக்குல ரசம் கொண்டாந்துச்சா? கோவிச்சுக்காத. நானும் வாட்ஸப்புல இருக்கவதான். விடியக்காலம் ரோசாப்பூ போட்ட வணக்கத்தை நம்ம தெருவுல முதல்ல அனுப்புறதே நான்தான். டொராண்டோவுல இருக்கவ, உனக்குத் தூக்கம் வராத நேரத்துல பேச்சுத்துணைக்கு வர்றாளே, அது பெரிய விஷயம். எங்க காலத்துல பக்கத்துத் தெருவுல வாக்கப்பட்டவளைப் பாக்கவே மாமியா உத்தரவு வேணும்.

ஆனா குரூப்புல இருக்க அத்தனை பேருக்கும் பதில் போட்டே ஆகணும்னு முழிச்சிருக்கியே பாரு, அது சிநேகமில்லை, அதுவும் ஒரு டெட்லைன். குங்குமப்பூ சாப்புடுங்குறா ஒருத்தி, இப்பிடிப் படுக்காதங்குறா இன்னொருத்தி. பிரஷர் பாத்த நர்சம்மா சொன்னதை மட்டும் எவளும் சொல்லலை. பிள்ளை பெத்த மூணாம் வாரம், ராத்திரி ரெண்டு மணிக்கு நீ காரணமில்லாம அழுதாலும் போனை வைக்காம கேக்குறவ ஒருத்தி, ரெண்டு பேரு போதும். மத்தவளுகளுக்கு "பேறு ஆனதும் பேசுறேன்"னு ஒரே வரி.

அந்த ஒருத்தியை நேர்லயே வரச் சொல்லு. 2010 கடைசியில நிறுத்தின போடி ரயிலு 2023 ஜூன்ல திரும்ப வந்திருச்சு. மெட்ராஸ்ல ராத்திரி ஏறினா காலையில இங்க எறங்கலாம். ஆனா தினம் கெடையாது, பாத்து டிக்கெட்டு எடுக்கச் சொல்லு. வர்ற தேதியை எனக்கு முன்னாடியே சொல்லிரு, ரேஷன் அரிசியைப் பாத்துத்தான் உலை வைக்கணும்.