அடிக்குக் கால் இஞ்சு

காலையில் மகன் குளித்தான். தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது. குளியலறைக் கதவுக்கடியில் நுழைந்து, மிதியடியை நனைத்து, டிவி ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் சாவகாசமாகத் தேங்கியது. தண்ணீர் போக வேண்டிய துளை கிழக்கு மூலையில் இருக்கிறது. தண்ணீர் வந்ததோ மேற்கே. புத்தம் புதுக் குளியலறை. டைல்ஸ் மேல் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைக்கூட இன்னும் முழுசாகச் சுரண்டி எடுக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான், சோபாவை நகர்த்துவதை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் ஷவர். ஷவர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது. கடைக்காரரும் சொல்ல மாட்டார், யூடியூபிலும் வராது. அதைச் சொல்வதற்கு முன் தொட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை.

அமெரிக்காவில் வயதானவர்கள் பாத்டப்பை உடைத்துப் போட்டுவிட்டு, காலைத் தூக்கிவைக்காமல் நேராக நடந்துபோய்க் குளிக்கும்படி ஷவர் அமைத்துக்கொள்கிறார்களாம். டப்பின் விளிம்பைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது என்பதால். பெங்களூரில் இருக்கும் மைத்துனர் இதை வீடியோவாக அனுப்பி, கீழே 'அத்தைக்கு' என்று ஒரு வார்த்தையும் எழுதியிருந்தார். அத்தை என்பது என் அம்மா.

திண்டுக்கல்லில் பாத்டப்புக்கு எங்கே போவது? எங்களுக்குக் கிட்டத்தில் பாத்டப் என்றால் கொடைக்கானல்தான். மதுரைப் பக்கத்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-இல் மேலே ஏறி வீடு கட்டினார்கள். பின்னாலேயே துரைமார்களும் போனார்கள். டப்பும் போனது. ஏழாயிரம் அடி உயரம். பச்சைத்தண்ணீரில் விரலை விட்டால் விரல் நம்முடையதாக இருக்காது. மாவட்டத்திலேயே குளிக்கத் தோன்றாத ஒரே ஊரில் பாத்டப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

கீழே எங்களுக்கு இருந்தது தொட்டி. குளியலறை மூலையில் செங்கல் வைத்துக் கட்டி, உள்ளே சிமெண்டுப் பால் ஊற்றித் தேய்த்தது. நீளம் மூன்றடி, அகலம் மூன்றடி, உயரம் இரண்டரை அடி. அப்பா கட்டியது. வாய் வரை நிரப்பினால் அறுநூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். உள்ளே யாரும் இறங்குவதில்லை. வெளியே நின்று மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியது. அடியில் ஒரு துளை, துளையில் பழைய வேட்டித்துணி சுற்றிய கட்டை. அந்தக் கட்டையைப் பிடுங்குவதற்கு ஒரு திருகு இருக்கிறது. இடது பக்கம் அரைச் சுற்று, பிறகு ஒரே இழுப்பு. மாறினால் துணி உள்ளே தங்கிவிடும், கட்டை மட்டும் கையோடு வரும். அம்மாவைத் தவிர யாருக்கும் அது கைவரவில்லை. டெங்கு சீசனில் கொசுப்புழு பார்க்க வருகிற பெண்கள் நேரே அதனிடம்தான் போவார்கள். டார்ச் அடித்துப் பார்த்து, மருந்தை அளந்து ஊற்றிவிட்டு, சுவரில் சாக்பீஸால் தேதி போடுவார்கள். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, பிடித்துவைத்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் அதுவும் திண்டுக்கல்காரன்.

ஏன் பிடித்துவைக்கிறோம் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிநீர் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. வைகையில் பேரணையிலிருந்து வருகிறது. கரூர்ப் பக்கம் காவிரியிலிருந்தும் வருகிறது. இதில் ஆத்தூர் அணையின் உயரமே இருபத்து மூன்றரை அடிதான். மலைச்சரிவில் பெய்கிற மழை குடகனாற்றில் இறங்கி, அணையில் கொஞ்சம் தங்கி, மீதி வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் விழுந்து, அமராவதி காவிரியில் விழுகிறது. அந்தக் காவிரியில் குழாய் போட்டு, மோட்டார் வைத்து, தண்ணீரைத் திரும்ப எங்கள் ஊருக்கு ஏற்றுகிறோம். வீட்டைத் தாண்டிப் போனவரைக் கரூர் வரை துரத்திப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவருகிறோம். அப்படி வந்த தண்ணீரைக் குடத்தில், அண்டாவில், தவலையில், குக்கரில், டிபன் கேரியரில், மூடி இல்லாத தெர்மாஸில் எல்லாம் பிடித்துவைக்கிறோம். அடுத்த முறை குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும், பிடித்துவைத்த அத்தனையையும் 'பழைய தண்ணி' என்று வாசலில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கிறோம். ஊரே செய்கிறது. கொட்டுகிற அவசரத்தில் தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் இந்த ஊரில் பஞ்சம் என்று எவனும் நம்ப மாட்டான்.

சரி, தொட்டியை இடித்தாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்து மொள்ள முடியவில்லை என்று மனைவி சொன்னாள். அம்மா அப்படிச் சொல்லவில்லை. மைத்துனர் சொன்னார், மைத்துனர் சொன்னதை மனைவி சொன்னாள். ஆளுக்கு ஆள் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா தொட்டிப் பக்கத்தில் நின்று பாசிப்பருப்பு மாவைக் குழைத்துக்கொண்டிருந்தார். இடிக்க வந்த ஆள் முதல் அடி அடித்ததும் சம்மட்டி எகிறி அவர் கைக்கே வந்தது. "அந்தக் காலத்து வேலை சார்" என்றார். இந்தக் காலத்து வேலை எப்படியிருக்கும் என்று அப்போதே அவர் சொல்லியிருக்கலாம்.

இப்போது வாட்டத்துக்கு வருகிறேன்.

தரை தட்டையாக இருக்கக் கூடாது, துளையைப் பார்த்துச் சரிய வேண்டும். அடிக்குக் கால் இஞ்சு. கொத்தனாரும் அப்படித்தான் சொன்னார். அமெரிக்காவில் ஷவர் தரைக்கு எழுதிவைத்திருக்கிற விதியும் அதுதான். துளைக்கு ஐந்தடி தள்ளி நின்றால் அங்கே தரை ஒன்றேகால் இஞ்சு உயரமாக இருக்க வேண்டும். நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் தரைக்கு நாலு பக்கம். நாலு பக்கத்திலிருந்தும் ஒரே துளைக்குச் சரிய வேண்டும் என்றால் தரை நாலு துண்டாக மடங்க வேண்டும். பழனி ரோட்டில் ஒரு கடையில், "ரெண்டுக்கு ரெண்டு போடுங்க சார், ஜாயிண்ட் கம்மி, அழுக்குப் பிடிக்காது" என்று சொல்லி இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸை ஏற்றிவிட்டார்கள். டைல்ஸ் மடங்காது. மடங்க வேண்டிய இடத்தில் குறுக்கே வெட்டி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் சின்னச் சின்னக் கல்லாகப் பதிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் சுவர் ஓரமாக நீளமான ஜாலி வைத்து ஒரே பக்கமாகச் சரித்துவிட வேண்டும். இத்தனை வழி இருக்கிறது. கொத்தனார் கண்டுபிடித்தது நாலாவது வழி: தட்டையாக ஒட்டிவிட்டு, ரசமட்டத்தைச் சட்டென்று பைக்குள் வைத்துவிடுவது.

"வாட்டம் இருக்கா?" என்றேன்.

"பக்காவா இருக்கு சார்" என்று ஒரு மக் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தண்ணீர், மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது.

"ஓடலையே?"

"புது டைல்ஸ் சார். கொஞ்ச நாள் தயங்கும். பழகிட்டா ஓடும்."

பழகுவதற்கு விட்டுப் பார்த்தோம். அதற்குள் செய்தி பரவிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வராத சொந்தமெல்லாம் வாட்டம் பார்க்க வந்தது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் காபி கேட்பதில்லை, மக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு மக் ஊற்றுகிறார்கள். ஊற்றிவிட்டுக் குந்துகிறார்கள். குந்தி, தலையைச் சாய்த்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தே பார்த்தார். எழுந்து, "வடக்க ரெண்டு நூல் தூக்கல்" என்றார். நாகல் நகரிலிருந்து வந்த சித்தப்பா, "தெக்கதான் தூக்கல்" என்றார். இருவரும் மறுபடி படுத்தார்கள். குளியலறையில் இரண்டு பெரியவர்கள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிரெதிராகப் படுத்திருக்க, பால்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கோலிக்குண்டு உருட்டிப் பாருங்கண்ணே" என்றார். கோலிக்குண்டு யார் வீட்டில் இருக்கிறது? சைக்கிள் பேரிங் குண்டு ஒன்று கிடைத்தது. உருட்டினோம். நேரே ஹாலுக்கு வந்து பூஜை அலமாரிக்கு அடியில் போய்விட்டது. இன்னும் எடுக்கவில்லை. அது போன தடத்திலேயேதான் இன்று காலை தண்ணீரும் வந்தது.

ஒரு காரணம் இருக்கிறது. பழைய துளை மேற்கே இருந்தது. பழைய தரையும், அதற்குக் கீழே போட்ட கப்பியும் மேற்கே சரிந்தவைதான். துளையை ஈசானிய மூலைக்கு மாற்றினால் கையில் காசு நிற்கும் என்று மனைவியின் பெரியப்பா சொன்னார். மாற்றினோம். பிளம்பர், கொத்தனார், சித்தாள் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். தண்ணீருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் வாட்டம் தப்பினாலும் வாசற்படியில் மூன்று இஞ்சு கட்டை இருக்கும், தண்ணீர் அதில் முட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். காலைத் தூக்காமல் உள்ளே போக வேண்டும் என்று வீடியோவில் சொன்னதால் அதையும் எடுத்தாயிற்று. இப்போது அம்மா காலைத் தூக்காமல் உள்ளே போகிறார். தண்ணீர் காலைத் தூக்காமல் வெளியே வருகிறது.

ஹாலில் நின்ற தண்ணீரை வீடியோ எடுத்துக் கொத்தனாருக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க போன் செய்தால் எடுப்பதில்லை.

ஷவர் வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்ல வந்தேன். சொல்கிறேன். எங்கள் வீட்டு ஷவர் மழை ஷவர். சாப்பாட்டுத் தட்டு அகலம். அமெரிக்காவில் 1992-இல் சட்டமே போட்டார்கள், ஷவரில் நிமிடத்துக்கு இரண்டரை காலனுக்கு மேல், அதாவது ஒன்பதரை லிட்டருக்கு மேல் கொட்டக் கூடாது என்று. எங்கள் வீட்டுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. பத்து மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் மாடித் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே ஆறடி. கணக்குப் போட்டால் 0.2 பார்கூடத் தேறாது. தட்டு நிறையத் துளை, அதில் நடுவில் உள்ள எட்டுப் பத்துத் துளைகளில் மட்டும் சொட்டுகிறது. அதிலும் போர்த்தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து தினம் ஒரு துளை அடைக்கிறது. அம்மா ஊக்கை வைத்துக் குத்தி எடுக்கிறார். "பிரஷர் பம்பு ஒண்ணு மாட்டிட்டா பிச்சுக்கிட்டு அடிக்கும்ணே" என்றான் பிளம்பர் பையன். ஏற்கெனவே ஹால் வரை அடிக்கிறது தம்பி.

இத்தனைக்கும் அந்த ஷவருக்குக் கீழே மகனைத் தவிர யாரும் நிற்பதில்லை. வாளியை வைக்கிறோம். ஷவரைத் திறந்து வாளியை நிரப்பி, மூடிவிட்டு, மக்கால் மொண்டு குளிக்கிறோம். உங்கள் வீட்டிலும் அதுதானே? யாராவது விருந்தாளி வந்தால் ஷவரைக் காட்டுகிறோம், பிறகு வாளியைக் கொடுக்கிறோம். மைத்துனர் அடம்பிடித்து மாட்டவைத்த கண்ணாடித் தடுப்பு ஒன்று நிற்கிறது, பத்து எம்.எம். கனம். மாட்டிய அன்று மாலையே அதன் மேல் ஈரத்துண்டு ஏறிவிட்டது. இப்போது இரண்டு துண்டு, ஒரு பாவாடை, மகனின் கிரிக்கெட் பேண்ட். கண்ணாடி எங்கே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

தொட்டி போனதால் பிடித்துவைக்க வழியில்லை. அதற்காக இரண்டு நீல டிரம் வாங்கினோம். வேறெங்கும் இடமில்லாமல் ஷவருக்குக் கீழேயே வைத்திருக்கிறோம். நேராக நடந்துபோய்க் குளிக்க வேண்டிய இடத்துக்கு இப்போது பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் டிரம் வைக்கிறார்களா என்று மைத்துனரிடம் கேட்டேன். மீட்டிங்கில் இருக்கிறாராம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் அவரும் ஒரு மக் ஊற்றினார், ஒரு கண்ணை மூடினார். வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டுமானால் டைல்ஸைப் பெயர்க்க வேண்டுமாம். பெயர்த்தால் உடையுமாம். உடைந்தால் அந்த டிசைன் இப்போது வருவதில்லையாம், கம்பெனியில் நிறுத்திவிட்டார்களாம்.

"அப்ப என்னதான் பண்றது?"

தாடையைத் தடவிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணு பண்ணலாம் சார். ஷவரைச் சுத்தி ஒரு மூணுக்கு மூணு அளவுல செங்கல் வச்சு எழுப்பிருவோம். தண்ணி அதத் தாண்டி எங்கயும் போகாது. உள்பக்கம் வாட்டர் ப்ரூஃப் அடிச்சு, பால் ஊத்தித் தேச்சு விட்டோம்னா, நீங்க டிரம் கூட வைக்க வேணாம். அதுலயே தண்ணி பிடிச்சு வச்சுக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா, "ரெண்டரை அடி உசரம் வச்சிருங்க தம்பி. அடியில கட்டைக்கு ஓட்டை விட மறந்துராதீங்க" என்றார்.

மூன்று நாளில் முடித்துவிடலாம் என்கிறார். அட்வான்ஸ் கேட்கிறார்.