மோதிர விரலுக்கு வந்த வேலை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுவைத்த முன்னோர் பியானோவைக் கண்டவர்கள் அல்லர் என்றாலும், சென்னையில் பணி ஓய்வுக்குப்பின் அதைக் கற்கத் துணிபவரிடம் அப்பழமொழி எழுத்துக்கு எழுத்து மெய்யாகிறது. ஏனெனில் முதல் வகுப்பில் ஆசிரியை எதிர்பார்ப்பது இசைஞானத்தை அன்று, உள்ளங்கைக்குள் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல விரல்களை வளைத்து வைப்பதை மட்டுமே.

கருவி தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பாடகரின் சுருதியை ‘ஐந்தரைக் கட்டை’ என்றெல்லாம் சொல்லும் வழக்கிலுள்ள கட்டை ஆர்மோனியக் கட்டையே. அதில் வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை முழு எண்களாகவும் கறுப்புக் கட்டைகள் அரைகளாகவும் எண்ணப்படுவதாலும், மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவதற்கும் இடையே கறுப்பு இல்லாததாலும், மூன்றரைக் கட்டை என ஒன்று உலகில் கிடையாது (மூன்றரைக் கட்டையில் பாடுவதாகச் சொல்லிக்கொள்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நலம்). பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, ஆக மொத்தம் 88 கட்டைகள். பாடகர் ஒரே கட்டையில் ஆயுளை ஓட்டிவிடலாம். பியானோ மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டையொட்டி பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி இதனை உருவாக்கியபோது, தந்தியைச் சுண்டுவதற்கு மாறாகச் சிறு சுத்தியலால் தட்டி, விரலின் அழுத்தத்திற்கேற்ப மெதுவாகவும் உரக்கவும் ஒலிக்கச் செய்தார். ‘மெதுவாக, உரக்க’ எனப் பொருள்படும் ‘பியானோஃபோர்ட்டே’ என்ற பெயர் பின்னாளில் சுருங்கி ‘மெதுவாக’ என்பது மட்டும் எஞ்சியது. மாணவரின் வீட்டார் இப்பெயர்ச்சுருக்கத்தை ஏற்பதில்லை.

கற்றலின் உண்மையான பகை நான்காம் விரலாகும். பியானோவில் கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து என்று விரல்களுக்கு எண் உண்டு. நான்காவதான மோதிர விரலின் தசைநாண்கள், அதாவது தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுசெல்லும் நார்கள், புறங்கையில் பக்கத்து விரல்களின் நாண்களோடு பிணைந்திருப்பதால் அது தனித்து எழ மறுக்கிறது. திருமண நாள் முதல் மோதிரம் சுமப்பதன்றி வேறு பொறுப்பு ஏற்றிராத அவ்விரலை நோக்கி, இருபத்திரண்டு வயது ஆசிரியை “அங்கிள், நாலு! அங்கிள், நாலாவது விரல்!” என்று குரல் கொடுக்க, முப்பதாண்டுகள் கோப்புகளில் கையெழுத்திட்ட கையின் சொந்தக்காரர் “இதோ மிஸ்” என்கிறார், எழுவது மூன்றாம் விரல்.

ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதே தடுமாற்றம் உண்டு, ஆனால் அது தன் பிழையை அறியாமல் மகிழ்ந்திருக்கிறது. ஐம்பத்தைந்து வயதினரின் காதோ பல ஆண்டுகளாக இளையராஜாவைக் கேட்டுப் பழகியது. ஆகவே தவறு நேரும் நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, தெரிந்து பயனில்லை. காது முதுகலை படித்திருக்க, கை இன்னும் பால்வாடியில் இருக்கிறது. இளையராஜாவும் இருபது வயதைக் கடந்தபின்னரே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார் என அவர் ஆறுதல் கொள்ளும்போது, பெருந்தன்மையுள்ள ஆசிரியைகள் பேச்சை மாற்றிவிடுகின்றனர்.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டுப் படிநிலைத் தேர்வுகளுக்கு, பேச்சுவழக்கில் ‘கிரேடு’களுக்கு, வயது வரம்பு இல்லை. முதல் கிரேடுக்குக் காத்திருக்கும் பெரியவரிடம் அருகிலிருக்கும் தாய்மார்கள் “உங்க பேரன் உள்ளே போயாச்சா சார்?” என்று விசாரிக்கின்றனர்.

எனினும் அனைவரின் இலக்கும் பீத்தோவன் 1810இல் இயற்றிய ‘ஃபியூர் எலீஸ்’ என்பதே. அதன் தொடக்கம் எளிது, பின்வரும் பகுதிகள் கடினம் என்பதால் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே குடியேறிவிடுகின்றனர். அத்தொடக்க மெட்டு இந்நாட்டில் பல கார்கள் பின்னோக்கி நகரும்போது ஒலித்த மெட்டுமாகும். எனவே ஈராண்டு உழைப்பின் பயனாக நான்காம் விரல் ஒருவழியாக எழுந்து, அடுக்ககத்தின் முதல் மாடியிலிருந்து அம்மெட்டு பிழையின்றி ஒலிக்கும் மாலையில், காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து, வெற்று வாசலை நோக்கிக் கையசைத்து, “வரலாம் சார், வரலாம், வரலாம்” என்கிறார்.