பத்து சதவீத ஒழுக்கம்

அமெரிக்க மதுவிலக்கைக் குறை சொல்பவர்கள் அந்தச் சட்டத்தைச் சரியாகப் படிக்காதவர்கள். 1920 ஜனவரி 17 முதல் மதுவைக் காய்ச்சுவது, விற்பது, ஏற்றிச்செல்வதுதான் குற்றம், குடிப்பது குற்றமில்லை. பணமுள்ளவன் முன்னதாகவே பெட்டி பெட்டியாக வாங்கி நிலவறையில் அடுக்கினான். சட்டத்தை மதித்தபடியே குடித்தான். அன்றாடங்காய்ச்சி, காய்ச்சினால் கம்பி எண்ணினான்.

சட்டத்தை அமல்படுத்தியது கருவூலத் துறை. அதன் அமைச்சர் ஆண்ட்ரூ மெலன், விஸ்கி ஆலையில் பங்கு வைத்திருந்த கோடீஸ்வரர். அதிபர் ஹார்டிங்கோ வெள்ளை மாளிகையிலேயே நண்பர்களோடு சீட்டாடி விஸ்கி அருந்தினார். மிச்சிகனில் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்தி கொஞ்சம் சரக்கு விற்று நாலாம் முறை பிடிபட்டாள். 1928-ல் ஆயுள் தண்டனை. பேஷ்!

இதெல்லாம் சில்லறை அயோக்கியத்தனம். யாரும் குடிக்காதிருக்க விஷம் கலந்து வைத்த தொழிற்சாலைச் சாராயத்தைத் திருடிச் சுத்திகரித்து விற்றது ஒரு கூட்டம். திருடனைப் பிடித்து மாளவில்லை. ஆகவே அரசு விஷத்தைக் கூட்டியது. 1927 முதல் மெத்தனாலைப் பத்து சதவீதம் வரை கலக்கச் சொன்னது. அது எவன் தொண்டையில் இறங்கும் என்று தெரிந்தே சொன்னது. கண் அவிந்தது, உயிர் போனது. நியூயார்க்கின் தலைமைப் பிணப் பரிசோதகர் சார்ல்ஸ் நாரிஸ், நல்ல சரக்கு வாங்க வக்கில்லாதவர்களே சாகிறார்கள், இதற்கு அரசே பொறுப்பு என்று கொதித்தார். சாராயக்கடை எதிர்ப்புச் சங்கத்தின் வேய்ன் வீலர் அசரவில்லை. அதைக் குடிப்பவன் தற்கொலை செய்துகொள்கிறான், அவ்வளவுதான் என்றார். தேவாலயங்களில் காசு திரட்டி வளர்ந்த சங்கம் அது. பத்துக் கட்டளைகளில் கொலையைப் பற்றியும் ஒன்று உண்டு. கண்ணில் படவில்லை போலும்.

பிறகு ஞானம் பிறந்தது. பிணங்களைப் பார்த்தல்ல, கஜானாவைப் பார்த்து. 1929-ல் பங்குச் சந்தை சரிந்தது. வருமான வரி வற்றியது. மதுத் தீர்வையின் அருமை புரிந்தது. டூபான் குடும்பத்துச் சீமான்கள் மதுவிலக்கை எடுக்கச் சொல்லிப் பணத்தை இறைத்தார்கள். குடிகாரன் தீர்வை கட்டினால் தங்கள் வருமான வரி குறையுமாம்! 1933 டிசம்பர் 5-ல், தடையை நீக்கும் திருத்தத்துக்குத் தேவையான கடைசி மாநிலமாக உட்டா ஒப்புதல் தந்ததும் தடை செத்தது. தீர்வை கொட்டியது. ஆனால் 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் பெருஞ்செல்வர்களின் வரியை மேலும் ஏற்றிவிட்டார். ஏமாந்துபோனோமே என்று சீமான்கள் குமுறினார்கள். ஐயோ பாவம்! கண்ணாவது மிஞ்சியதே.