47-ல நின்ன கல்யாணம்

வாடா மாப்ள, வா. மூஞ்சியப் பாத்தா மொய்ப்பையத் தொலைச்சவன் மாதிரி இருக்கு. என்னது, கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட்டு 47 சதவீதத்துல நின்னு போச்சா? நிக்கட்டும், அதுக்கென்ன அவசரம்? தாலி கட்டி ஆறு மாசம் ஆச்சு. பொண்ணுக்கு அடுத்த மாசம் வளைகாப்பாம். ரெண்டையும் ஒரே படமா ஒட்டிக் குடுத்திரு, உனக்கும் செலவு மிச்சம்.

கோவிச்சுக்காத. டீயக் குடி. எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாதுப்பா. டூரிங் டாக்கீசுல 18 வருசம் கார்பன் குச்சி எரிச்சவன், அம்புட்டுத்தான். படம் நின்னா மணல்ல உக்காந்திருக்கிறவன் எவன் எவன் என் பரம்பரைய எப்படி வைவான்னு குரல வச்சே சொல்வேன். அதப் பாக்கையில உனக்கு வந்தது ஒரு கஷ்டமா?

போன வாரம் என்ன பண்ண? டிவியில ஓடலைன்னு சொன்னதும், எம்ஓவின்னு இருந்த ஃபைல் பேரை அழிச்சுட்டு எம்பி4ன்னு எழுதின. ஓடுச்சா? எனக்கும் ஒருக்கா அப்படி ஆச்சு. பெட்டி மேல எம்.ஜி.ஆர். படம்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு, தொறந்தா உள்ள சிவாஜி. சீட்டைக் கிழிச்சுட்டு வேற எழுதி ஒட்டியிருந்தா கொட்டகையக் கொளுத்தியிருப்பான். எம்பி4, எம்ஓவி, எம்கேவி எல்லாமே படப்பெட்டிடா. உள்ள என்ன சுருள் இருக்குன்னு பாக்கணும். விஎல்சியில ஓட்டிக் கோடெக் விவரத்தைத் தொறந்தா அதுவே சொல்லிரும்.

நீ அனுப்பினது ஹெச்.265. பொண்ணு வீட்டு டிவி 2012-ல வாங்குனது. ஹெச்.265 வந்ததே 2013-ல. பொறக்காத பிள்ளை பேசுற பேச்சு அந்த டிவிக்கு எப்படிப் புரியும்? அதுக்கு 2003-லயே வந்த ஹெச்.264-ல குடு, தாத்தாவும் பேரனும் மாதிரி பேசிக்கிடுவாக. இதுல ஒண்ணு கவனி. சுருள் சரியா இருந்து பெட்டிதான் சரியில்லைன்னா, எஃப்எஃப்எம்பெக்ல சுருளத் தொடாமப் பெட்டிய மட்டும் மாத்திக்கிடலாம். படம் ஒரு பொட்டும் மங்காது, டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். நீயோ எதுக்கெடுத்தாலும் கன்வர்ட்டு பண்ற. நேத்துக் கன்வர்ட்டு பண்ணதையே இன்னைக்கும் பண்ற. வடிச்ச கஞ்சியத் திரும்ப வடிச்சா சோறா வரும்? ஒவ்வொரு தடவையும் மூல ஃபைல்ல இருந்து எடு.

எனக்கு எப்படித் தெரியும்கிறியா? எம் பேத்தி விஸ்காம் படிக்கிறா. அவ பேசும்போது நான் தூங்குற மாதிரிப் படுத்திருப்பேன்.

அடுத்தது பென்டிரைவு. 16 ஜிபி வாங்கிட்டு 7 ஜிபி ஃபைல் ஏற மாட்டேங்குதுன்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போனியே, அந்த அழகு. பென்டிரைவு எஃப்ஏடி32 ஃபார்மெட்டுல இருந்தா, காலியா எம்புட்டு இடம் கெடந்தாலும் ஒத்த ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. ஊரே காலியாக் கெடந்தாலும் வாசல் சின்னதா இருந்தா வைக்கோல் வண்டி நுழையுமா? கணக்குப் போடு. செகண்டுக்கு 8 மெகாபிட்டுன்னா அது 1 மெகாபைட்டு. ரெண்டு மணி நேரத்துக்கு 7200 செகண்டு. ஆக 7.2 ஜிபி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தினா ஏறிரும், ஆனா பழைய டிவி அதைப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். எதுக்கு வம்பு? முகூர்த்தத்துக்கு அப்பறம் இடைவேளை விட்டு ரெண்டா வெட்டு. ஒண்ணு 3.6 ஜிபி. முறுக்கு விக்கவும் நேரம் கெடைக்கும்.

அப்பறம் அந்த ஐயரு. மொதல்ல வாயும் மந்திரமும் ஒண்ணாப் போச்சு. போகப்போக மந்திரம் முடிஞ்சு அரை மூச்சு கழிச்சு வாயத் தொறக்காரு. அந்தத் துண்டு மாப்பிள்ளையோட சித்தப்பா போன்ல எடுத்ததுதானே? போனு வெளிச்சத்துக்குத் தக்கன செகண்டுக்கு 30 ஃபிரேமும் எடுக்கும், கொறைச்சும் எடுக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே சீரா வரும்னு நம்பி அடுக்கும். அதான் இழுக்குது. டைம்லைன்ல போடுறதுக்கு முன்னாடியே ஹேண்ட்பிரேக்ல விட்டு, ஃபிரேம் ரேட்டை நிலையா வச்சு எடுத்துக்கோ. எங்க காலத்து 35 எம்.எம். சுருள்ல சத்தம் படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னாடி பதிஞ்சிருக்கும். மெஷின்ல சுருள் வளைவைக் கொஞ்சம் தொளதொளன்னு விட்டா, நம்பியார் சிரிப்பு சரோஜாதேவி வாயில வரும். வளைவைச் சரி பண்ணாம ஸ்பீக்கரத் தட்டிப் பிரயோசனம் என்ன?

சரி, 47-க்கு வருவோம். கம்ப்யூட்டர மாத்தணும், 80,000 ரூபா ஆகும்னு உங்க அப்பன்கிட்ட அழுதியாமே. டிஸ்க்குல எழுத இடம் இருக்கான்னு பாத்தியா? இருக்கா, நல்லது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே 47-லதான் நிக்குதா? அப்ப மெஷின் மேல பழி போடாத. எங்க ரீலு தினமும் ஒரே இடத்துல அறுந்தா, அந்த இடத்துல ஒட்டு சரியில்லைன்னு அர்த்தம். ரெண்டு மணி நேரத்துல 47 சதவீதம்னா 56-வது நிமிசம். அங்க என்ன இருக்குன்னு போய்ப் பாத்தியா? பாக்கல. ஆறு தடவை பட்டன மட்டும் அமுக்குன.

லேப்டாப்பத் தொற. 56-க்குப் போ. ஓட்டு... மெதுவா... நிப்பாட்டு.

யாருடா அது, பந்தியில தலையக் கவுத்து அல்வா திங்கிறது?

நாந்தானா! மொட்டைத்தலை மேல என்னடா மினுமினுங்குது? நட்சத்திரம், அதுக்கு மேல பூமாரி, அதுக்கு மேல புகை. ஒரு கிழவன் தலையில மூணு எஃபெக்ட்டு ஏத்தினா கிராபிக்ஸ் கார்டு என்னடா பண்ணும்? அதுக்கும் மானம் இருக்குல்ல, நின்னு போச்சு.

எல்லாத்தையும் அணைச்சுட்டு அந்தத் துண்டை மட்டும் தனியா எடுத்துப் பாரு. வந்துருச்சுன்னா அதையே டைம்லைன்ல வச்சுட்டு முழுசையும் ஓட்டு.

ஆங், மாப்ள, எஃபெக்ட்டைத் தூக்குறேன்னு அல்வாத் துண்டையும் சேத்துத் தூக்கிராத. சக்கரைக்கு நான் மாத்திரை திங்கிறது உங்க அத்தைக்குத் தெரியும், அல்வா தின்னது தெரியாது. என்னைய மட்டும் வெட்டி எனக்குத் தனியா ஒரு பென்டிரைவு குடு.

4 ஜிபிக்குள்ள அடங்கிருவேன்.