மரியன்பாத் வழக்கு

‘போன வருஷம் நாம சந்திச்சோமே’ என்கிறான் ஒருவன். ‘இல்லையே’ என்கிறாள் ஒருத்தி. ஒன்றரை மணி நேரமும் இதே வழக்குதான். இருவருக்கும் பெயர்கூடக் கிடையாது. அலென் ரெனேயின் ‘லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்’, 1961இல் வெனிஸ் பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய பிரெஞ்சுப் படம். சந்தித்தார்கள் என்பது ரெனேயின் கட்சி; இல்லை என்பது கதை எழுதிய ராப்-கிரியே கட்சி. எடுத்தவர்களுக்குள்ளேயே தீராத பஞ்சாயத்தை டிக்கெட் வாங்கியவன் தீர்க்க வேண்டுமாம்!

நம்மூரில் 1954லேயே எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ என்ற கொலை மர்மப் படம் எடுத்தார். கல்லா நிறையவில்லை. ஆனாலும் கொன்றது யார் என்றாவது கடைசியில் சொல்லிவிடுவார்.

மரியன்பாத் படத்துத் தோட்டக் காட்சியில் மனிதர்களுக்கு மட்டும் நிழல் நீளும், செடிகளுக்கு இருக்காது. மனித நிழல்களைத் தரையில் வரைந்திருந்தார்கள். ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் படக் கதையோடு இதையும் வியந்து சொன்னேன்.

“அது கெடக்கட்டும். கடைசில அந்தப் பிள்ள அவன்கூடப் போச்சா?”

“போச்சு அண்ணாச்சி.”

“அப்ப போன வருஷம் பாத்திருக்காக. ஊறுகாய எடுங்க.”