சொந்த ஊரில் எதிரணியின் கோல்

கேள்வி: அடிக்கடி அணி மாறும் கால்பந்துத் தடுப்பாட்டக்காரரை நம்பி ரசிகர் கொடி பிடிக்கலாமா? (வாசகர், செம்பூர்)

பதில்: தாராளமாக! ராகுல் பேக்கே இருக்கிறாரே.

1990-இல் மும்பையில் பிறந்தவர். மும்பை எஃப்.சி., ஈஸ்ட் பெங்கால், கேரளா பிளாஸ்டர்ஸ், புனே சிட்டி, பெங்களூரு என்று அவர் போட்ட சட்டைகளுக்கே ஒரு பீரோ வேண்டும். அலைபாயும் மனம் காரணமல்ல. அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சில மாதங்களிலேயே முடிந்துவிடும். மீதிக் காலத்துக்கு ஐ-லீக். ஓர் ஆண்டில் இரண்டு கிளப்புக்கு ஆடியவர்கள் அவரைப் போல் பலர்.

2019 மார்ச் 17, ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. இடம், செம்பூரிலிருந்து குர்லா, தாதர் என ரயில் மாறிப் போகும் மும்பை அந்தேரி மைதானம். கோவாவும் பெங்களூருவும் கோலே இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போயின. அது முடியச் சில நிமிடங்கள் இருக்க, டிமாஸ் டெல்காடோ அடித்த கார்னரைத் தலையால் முட்டினார் பேக்கே. 1-0. பெங்களூருவுக்கு முதல் ஐ.எஸ்.எல். கோப்பை, அதுவும் மும்பைக்காரர் தயவில்!

2021-இல் மும்பை சிட்டிக்கு வந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ரியாத்தில் ஈராக்கின் ஏர்ஃபோர்ஸ் கிளப்பை 2-1 என வென்றபோது வெற்றி கோலும் அவர் தலையால்தான். ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் இந்திய கிளப் ஒன்றின் முதல் வெற்றி அது. கோல் அடிக்க வேண்டியவர்கள் முன்னால் நிற்க, தடுக்க வேண்டியவர் ஓடிவந்து முட்டுவது பார்க்கப் பரவசம்.

2024 மே மாதம் கொல்கத்தாவில் மோகன் பகானை 3-1 என வீழ்த்தி, மும்பை சிட்டி கேப்டனாக ஐ.எஸ்.எல். கோப்பையை உயர்த்தினார். அதே ஆண்டு மறுபடி பெங்களூரு.