விளக்குப்பொறி வாத்தியார்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் நம்பிப் பிழைப்பவர் பலர். சிமெண்டு ஆலைகளை நம்பிப் பிழைப்பவரும் உண்டு. ஆனால் அந்துப்பூச்சியை நம்பி, அதனால் ஒரு காசும் காணாமல், தூக்கத்தையும் தத்தம் செய்துவிட்ட உத்தமர்கள் அபூர்வம்.

அத்தகையவர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற வாத்தியாராக இருப்பார். சுத்த சைவரான அவர் மளிகைக் கடையில் காலி முட்டை அட்டைகளை மட்டும் கூச்சமின்றிக் கேட்டு வாங்கி, கொல்லைப்புறத்துப் பெட்டியில் அடுக்கி, மேலே பிரகாசமான விளக்கொன்றை ஏற்றிவைத்துவிட்டு, அட்டைக் குழிகளில் இரவு முழுதும் வந்து ஒடுங்கிய பூச்சிகளை விடியற்காலையில் ஒவ்வொன்றாகப் பரிசீலித்து நோட்டில் ஜாதிவாரியாகப் பதிந்து விடுதலை செய்த பின்பே பல் துலக்குவார். நிலவொளியில் பூச்சி வரத்துக் குறையுமாதலால், அவர் நாட்காட்டியில் அமாவாசைகளைத் தேடித்தேடி வட்டமிடுவதைக் கண்டு, மாமனாருக்குப் பித்ரு பக்தி மேலிட்டதென்று மருமகள் பூரித்துப்போவதும் உண்டு. பூஜைக்கு அரளி பறிக்கப்போகும் தர்மபத்தினியோ, இலையைத் தின்னும் பச்சைப் புழு பருந்தந்தாகப் பரிணமிக்கும்வரை அச்செடியைத் தொடலாகாதென்ற உத்தரவுக்குப் பணிந்து வெறுங்கூடையுடன் திரும்புவாள்.

ஏழு கோடி வருஷத்துக்கு முந்திய கடல்நத்தைப் புதைபடிவம் தம் ஊர் மண்ணில் கிடைப்பதாக அரியலூர்ச் சம்பந்தி பெருமையடித்தால், நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஹாம்ப்ஸன் துரை 1892 முதல் 1896 வரை நான்கு பாகங்களாக எழுதிய இந்திய அந்துப்பூச்சி நூலைப் பற்றி இவர் சாங்கோபாங்கமாகப் பிரசங்கிப்பார். சம்பந்தி அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்.

இவருக்கு வாய்த்த ஒரே எதிரி பக்கத்துக் கொல்லைச் சோளக்காரர். அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2018இல் இந்தியாவில் தலைகாட்டி, இவ்வட்டாரத்து மக்காச்சோளக் குருத்தைச் சூறையாடிய நாள் முதல் அவரும் விளக்குப்பொறி வைத்திருக்கிறார். அதன் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்.

"ஐயா, நீங்க எண்ணிட்டு வுடுறது எங்க சோளத்துக்குத்தானுங்களே வருது?" என்றார் ஒருநாள்.

"எண்ணாமல் கொன்றால், வருவது படைப்புழு அந்துதானா என்று எப்படியப்பா தெரியும்?" என்றார் வாத்தியார்.

வாதம் உடன்படிக்கையில் முடிந்தது. முன்னிறகின் நுனியில் வெண்திட்டுள்ள ஆண் அந்து பெட்டியில் அகப்பட்டவுடன், வாத்தியார் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அதைச் சோளக்காரரிடம் ஒப்படைப்பார். அவர் அன்றே வயலில் இறங்கி இலைகளில் முட்டைக்குவியலைத் தேடி நசுக்குவார். புழு குருத்துக்குள் புகுந்து ஒளிந்த பிறகு மருந்தடிப்பதைவிட இது எவ்வளவோ சுலபம்.

2012இல் தொடங்கிய அந்துப்பூச்சி வாரத்தை ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் பல தேசத்தார் கொண்டாடுகிறார்கள். அப்போதாவது அவர் வீட்டு வழியே செல்லும் அன்பர்கள், மனிதருக்குச் சித்தபிரமை என்று தீர்ப்புச் சொல்லுமுன், விதைப்புக் காலத்தில் சோளக்காரர் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்று விசாரித்துக்கொள்வது நலம்.